பசியை மறைக்கும் கொட்டை



கோலாக் கொட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அப்படியும் ஒரு கொட்டை உண்டா? கோலா என்பது புட்டியில் அடைத்துக் குளிரவைத்து விற்கும் கருநிறப் பானம் அல்லவா?" என்று உங்களில் பலர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. அம்மரம் நம் தோட்டங்களில் நிற்பதில்லை. அதன் கொட்டை நம் சந்தைக்கு வருவதில்லை. ஆயினும் அதன் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறோம். அது ஆப்பிரிக்காவில் செய்யும் வேலையை நம் நாட்டில் வேறொரு கொட்டை நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறது, அது பாக்கு. இவ்விரண்டும் வயிற்றை என்ன செய்கின்றன என்று ஆராய்வதே என் நோக்கம். இப்பொருளை எடுத்துக்கொள்ள எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கேளம்பாக்கத்தில் பிறந்தவன். இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அவ்வூர், வானளாவிய கட்டடங்களுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் அண்டை ஊராகிவிட்டது. என் இளமையில் அஃது உப்பளத்து ஊர். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அப்பால், கோவளத்துக்குச் செல்லும் வழியெங்கும் பாத்திகள்; பாத்திகளில் கடல்நீர்; வெயிலேறினால் கண் கூசும் வெண்மை. என் தந்தையார் அந்த உப்பளங்களில் வேலை செய்தவர். வெயிலுக்கு முன் உப்பு வாரி முடிக்க வேண்டுமாதலால் விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். "ஒரு குவளைக் கூழாவது குடித்துவிட்டுப் போங்கள்" என்று அம்மா நாள்தோறும் சொல்லுவார். "வயிறு நிறைந்தால் குனிந்து வேலை செய்ய முடியாது. வெற்றிலை போட்டுக்கொண்டால் போதும்" என்பதே நாள்தோறும் அவர் மறுமொழி. மடியில் வெற்றிலை, ஒரு பிடிப் பாக்கு, சுண்ணாம்பு டப்பா ஆகிய இவைதாம் அவர் கொண்டு செல்லும் காலை உணவு. வேலை முடிந்து பதினொரு மணிக்கு மேல் கரையேறிய பிறகுதான் கூழ்.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக அவருக்கு வயிற்றுவலி உண்டு. அது விந்தையான வலி. உண்டால் அடங்கும், வயிறு காலியானால் எழும். நள்ளிரவில் எழுந்து, பானையிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்து உண்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். உப்பளத்து வெயிலில் தலைவலி எடுக்கும்போதெல்லாம் பெட்டிக்கடையில் ஆஸ்பிரின் மாத்திரை வாங்கி விழுங்குவார். அதுவும் பெரும்பாலும் வெறும் வயிற்றில்தான். 1965ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் இரண்டு நாட்கள் தார்போல் கறுத்து மலம் கழிந்தது. அதன் பொருளை நாங்கள் அறிந்திலோம். மூன்றாம் நாள் வாயால் இரத்தம் வந்தது. சென்னைக்கு எடுத்துச் சென்றோம். குடற்புண் ஓர் இரத்தக் குழாயை அரித்துவிட்டது என்றார்கள். அறுவை செய்து பிழைக்க வைத்தார்கள். அந்த மருத்துவர்களுக்கு எங்கள் குடும்பம் பட்ட கடன் பெரிது.

தந்தையார் வீடு திரும்பிய அன்று அம்மா அவருடைய வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் எறிந்துவிட்டார். "இந்தப் பாக்குதான் உங்களைத் தின்றது" என்றார். ஊரும் அதையே சொல்லிற்று. பள்ளி மாணவனாயிருந்த நானும் பெரியவன்போல் அதையே சொன்னேன். தந்தையார் மறுக்கவில்லை. 1989இல் இறக்கும் வரையில் அவர் ஒரு துண்டுப் பாக்கையும் தொடவில்லை. உண்டு முடித்தபின் அவர் கை, செல்லம் இருந்த மாடத்தை நோக்கிப் போய்ப் பாதியில் திரும்பும். நான் தாவரவியல் படித்து ஆசிரியத் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தக் கை என் நினைவை விட்டு அகலவில்லை. நாங்கள் இட்ட பழி சரியானதுதானா? இக்கேள்வியே என்னை இந்த ஆராய்ச்சியில் செலுத்தியது.

முதலில் கோலா மரத்தைப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகள் அதன் தாயகம். நம் கடற்கரை ஊர்களில் நிழல் தரும் பூவரசும், தோட்டத்து வெண்டையும், கரிசல் நிலத்துப் பருத்தியும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அந்தக் குடும்பத்தில்தான் இக்காலத் தாவர நூலார் கோலாவையும் வைக்கின்றனர். சாக்கலேட்டு தரும் கொக்கோ மரமும் அதற்கு நெருங்கிய உறவே. காய் முற்றி வெடித்தால் உள்ளே செந்நிறமாகவோ வெண்மையாகவோ பருத்த விதைகள் இருக்கும். அவற்றையே கொட்டை என்கிறோம். மென்றால் முதலில் கைக்கும், துவர்க்கும். மென்றபின் தண்ணீர் குடித்தால் நெல்லிக்காய் தின்றவனுக்குப்போல் இனிக்கும் என்று உண்டவர்கள் கூறுவர்.

கானா, நைஜீரியா முதலிய நாடுகளில் விருந்தினர் வந்தால் முதலில் நீட்டப்படுவது கோலாக் கொட்டை. மணம் பேசும்போதும், பெயரிடும்போதும், வழக்குத் தீர்க்கும்போதும் அதைப் பிளந்து பகிர்ந்துகொள்வர். நம் வீட்டில் தாம்பூலம் எந்த இடத்தில் உள்ளதோ அந்த இடம் அங்கே கோலாவுக்கு உரியது. தெற்கே காடுகளில் விளைந்த கொட்டையை வடக்கே ஹௌசா மக்களின் நகரங்களுக்குச் சுமந்து சென்ற வணிகம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. மதுவை விலக்கிய இசுலாமியச் சமுதாயங்கள் இக்கொட்டையை விலக்கவில்லை. சுமை தூக்குவோரும் வழிநடப்போரும் இதனை மடியில் வைத்திருந்தனர். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், 'மென்றால் பசி தெரியாது. களைப்புத் தெரியாது' என்பது. என் தந்தையார் சொன்னதும் இதுவே அல்லவா? கடல் கடந்த இரு தேசத்து உழைப்பாளிகள், ஒருவரை ஒருவர் அறியாமலே, பசிக்கு ஒரே வகை மாற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பசி தெரியாமற்போவதன் மருமம் காஃபீன் என்னும் பொருளில் உள்ளது. காப்பிக் கொட்டையிலிருந்து 1819இல் ருங்கே என்ற செர்மானிய வேதியியலார் அதனைப் பிரித்தெடுத்தார். தேயிலையிலும் அதுவே உண்டு. உலர்ந்த கோலாக் கொட்டையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் காஃபீன் இருக்கிறது. நாம் விழித்து உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, 'போதும், ஓய்வு கொள்' என்று அறிவிக்கும். காஃபீன் அந்த அறிவிப்பு சென்று சேரும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. களைப்பு தீரவில்லை, களைப்பின் செய்தி மட்டும் நின்றுவிடுகிறது. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் நேரம் நின்றுவிடுமா? அது போலத்தான்.

1886ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் சான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர், கொக்கா இலையின் பெயரும் கோலாக் கொட்டையின் பெயரும் இணைந்த ஒரு பானத்தை உண்டாக்கினார். கொக்கா-கோலா என்று உலகெங்கும் பரவிய அப்பானம் நம் நாட்டைவிட்டு 1977இல் வெளியேறி 1993இல் திரும்பி வந்த வரலாற்றை உங்கள் பெற்றோர் அறிவர். இன்று விற்கும் கோலாப் பானங்களுள் பெரும்பாலானவற்றில் கோலாக் கொட்டையின் சாறு இல்லை. காஃபீனைத் தனியே சேர்க்கிறார்கள். பெயர் மட்டும் ஆப்பிரிக்கக் காட்டினுடையது.

இனி வயிற்றுக்கு வருவோம். இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதை மனிதன் கண்ணால் கண்டது ஒரு விபத்தின் பயனாக. 1822ஆம் ஆண்டு சூன் மாதத்தில், வட அமெரிக்காவின் ஏரிக்கரைக் கோட்டை ஒன்றில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் விலாவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பியூமாண்ட் என்ற படை மருத்துவர் அவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடாமலே ஆறிவிட்டது! வெளியிலிருந்து உள்ளே பார்க்கலாம் என்ற நிலை. மருத்துவர் பல ஆண்டுகள் அத்துளை வழியே நூலில் கட்டிய இறைச்சியையும் ரொட்டியையும் உள்ளே விட்டு, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். மது அருந்திய நாட்களில் உட்சுவர் சிவந்திருப்பதையும், அவன் சினங்கொண்ட வேளைகளில் செரிமானம் மாறுபடுவதையும் குறித்து வைத்தார். 1833இல் அவர் வெளியிட்ட நூல் செரிமான ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. அந்த இளைஞனுக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. இரண்டொரு முறை சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். அவனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

இரைப்பையின் சுவரில் உள்ள நுண்ணறைகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இரும்பையும் அரிக்கவல்ல அமிலம் அது. அப்படியானால் அது இரைப்பையையே ஏன் கரைத்துவிடுவதில்லை? உட்சுவரின் மேல் கோழைபோன்ற ஒரு படலம் பூசப்பட்டிருக்கிறது. அதனுள் அமிலத்தை முறிக்கும் காரப்பொருள் ஊறிக்கொண்டேயிருக்கிறது. சுவரின் மேலணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு புறம் அரிக்கும் ஆற்றல், மறுபுறம் காக்கும் ஆற்றல். தராசு சாய்ந்தால் புண் உண்டாகும்.

காஃபீன் இத்தராசில் எந்தத் தட்டில் ஏறுகிறது? அரிக்கும் தட்டில்தான், ஏனெனில் அது அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. கைப்பை உணரும் உறுப்புகள் நாவில் மட்டுமல்ல, இரைப்பைச் சுவரிலும் உள்ளன என்றும், காஃபீன் அவற்றைத் தொடுவதாலேயே அமிலம் ஊறுகிறது என்றும் 2017இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். உணவு இருக்கும்போது ஊறும் அமிலம் உணவின்மேல் வேலை செய்யும். உணவே இல்லாதபோது ஊறினால்? அன்றியும், உணவுக் குழலுக்கும் இரைப்பைக்கும் இடையேயுள்ள வளையத் தசையைக் காஃபீன் சற்றுத் தளர்த்துவதால், சிலருக்கு அமிலம் மேலே ஏறி நெஞ்செரிவு உண்டாகிறது.

ஆனால் எல்லாக் குற்றத்தையும் காஃபீன் தலையில் கட்டுவதும் பொருந்தாது. 1975ஆம் ஆண்டிலேயே, காஃபீன் நீக்கிய காப்பியைக் கொடுத்து அமிலத்தை அளந்து பார்த்தனர். அதுவும் அமிலத்தைத் தூண்டிற்று. தனிக் காஃபீனைவிட மிகுதியாகவே தூண்டிற்று. காப்பியில் வேறு பொருள்களும் இவ்வேலையைச் செய்கின்றன என்று அதனால் தெரிந்தது. கோலாக் கொட்டையில் காஃபீனோடு துவர்ப்புச் சத்துகளும் உள்ளன; ஆகவே கொட்டையை மெல்லுவதும் கோலாப் பானத்தைக் குடிப்பதும் ஒன்றாகா. பானத்தில் பாஸ்பாரிக் அமிலமும், சர்க்கரையும், கரியமில வாயுவும் உள்ளன. பானத்தின் அமிலம் இரைப்பையைத் துளைத்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. இரைப்பை தானே சுரக்கும் அமிலம் அதனினும் கடியது. அதனால் அந்த அச்சம் வேண்டாம். பானத்தின் அமிலத்தால் கேடுறுவது பல். வாயுவோ இரைப்பையை உப்பச் செய்து ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே தள்ளும்.

அடுத்தது பாக்கு. அதில் காஃபீன் இல்லை. அதிலுள்ளது அரிகோலின். இளம்பாக்கை மென்றவனுக்கு முகம் வியர்த்துத் தலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அரிகோலினின் வேலை. உமிழ்நீர் முதலிய சுரப்புகளை ஆளும் நரம்புகள் எந்தப் பொருளால் ஆணையிடுகின்றனவோ, அந்தப் பொருள்போல் நடித்து அது சுரப்பிகளை ஏவுகிறது. நம் பெரியோர் உணவுக்குப் பின் தாம்பூலம் தரித்ததற்கு உமிழ்நீர் ஊறுவதே காரணம். உணவுக்கு ஈடாக மெல்லுவது வேறு. உமிழ்நீர் ஊறும், வாய் நிறையும், உடலில் ஒரு வெம்மை பரவும். 'உண்டாயிற்று' என்ற மயக்கம் தோன்றும். இரைப்பையில் மட்டும் ஒன்றும் போய்ச் சேர்ந்திராது.

பாக்கின் பெருந்தீமை வாயில்தான் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் இறுகி, நாளடைவில் வாயையே திறக்க முடியாமற்செய்யும் நோய் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் 1952இலும், அடுத்த ஆண்டு பம்பாயிலும் மருத்துவர்கள் அதனை விவரித்தனர். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கடைவாசலில் சரஞ்சரமாகத் தொங்கிய குட்கா, பான்மசாலாப் பொட்டலங்களைத் தமிழ்நாட்டு அரசு 2013இல் தடை செய்ததும் இது பற்றியே. ஆகவே பாக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. என் தந்தையாரின் குடற்புண்ணுக்கு அதுதான் காரணமா என்பதே என் கேள்வி.

தென்னாட்டுக்கும் குடற்புண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்த அவ்வூர் மருத்துவமனையில், சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் கால் நூற்றாண்டளவு பணிபுரிந்தார். 1922லும் 1924லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்றவர் அவர். முதல் ஏற்றம் முடிந்தபின் தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு அங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் வந்தவர்களுள் முன்சிறுகுடற் புண்ணால் வருந்தியவர் ஆயிரக்கணக்கானோர். உலகில் வேறு எந்த அறுவை மருத்துவரும் காணாத அளவில் அந்நோயை அவர் கண்டார் என்று சொன்னாலும் பெரும்பிழை ஆகாது. இந்த மண்ணில் இந்நோய் ஏன் இவ்வளவு மிகுதி என்று அவரும் அவருடைய துணைவர்களும் வினவினர், உணவைச் சந்தேகித்தனர்.

அதே காலத்தில் நீலகிரியின் குன்னூரில் மெக்காரிசன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட பஞ்சாபியர் உணவில் வளர்ந்த எலிகள் கொழுத்து வளர்ந்தன. அவற்றிடம் இரைப்பைப் புண் இல்லை. மரவள்ளிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்ட எலிகளிடம் புண் மிகுதி. தீட்டிய அரிசியைக் கொண்ட சென்னை உணவை உண்டவை இடையில் நின்றன. எலியும் மனிதனும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆயினும் வறியவனின் தட்டு அவன் குடலில் எழுதும் கணக்கை அந்த எலிகள் ஓரளவு படித்துக் காட்டின.

இதற்குப் பின் கதை வேறு திசையில் திரும்பிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன் என்ற நோய்க்கூற்று மருத்துவர், இரைப்பைச் சுவரின் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கும்போது சுருள் வடிவமான நுண்ணுயிர்களைக் கண்டார். இரைப்பையின் அமிலத்தில் எந்த உயிரும் நிலைக்காது என்பதே அன்றுவரை மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். மார்ஷல் என்ற இளைய மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982இல் அந்நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். எவரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்தார்! சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. அவருடைய இரைப்பைச் சுவர் அழன்றிருப்பது சோதனையில் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் அந்த நுண்ணுயிரே பெரும்பாலான குடற்புண்களுக்கு வேர் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொண்டு, கோழைப் படலத்துக்குள் புகுந்து அது குடியிருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நெருங்கி வாழும் குடும்பங்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளோடு அமிலம் குறைக்கும் மருந்தையும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கொடுத்தால் பெரும்பாலோரிடம் அழிந்துவிடுகிறது. என் தந்தையாரின் வயிற்றைக் கிழித்துத் தைத்த நோயை இன்று இரண்டு வாரத்து மாத்திரைகள் போக்கிவிடும்.

இதோடு புதிர் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. உலக மக்களுள் பாதியளவினர் வயிற்றில் இந்நுண்ணுயிர் உண்டு. அவர்களுள் சிலருக்கே புண் வருகிறது. நம் நாட்டில் வடக்கிலும் தெற்கிலும் இது பரவலாகவே இருந்தது. முன்சிறுகுடற் புண்ணோ தெற்கில் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே சாமர்வெல் ஐயுற்ற உணவுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். புகை பிடித்தல் புண்ணை ஆறவிடாது. ஆஸ்பிரின் போன்ற வலிநீக்கிகளோ இரைப்பையைக் காக்கும் படலத்தை உண்டாக்கத் தூண்டும் பொருளையே தடுத்துவிடுகின்றன; இதன் வழியை 1971இல் வேன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார்.

பெர்த் நகரத்துச் செய்தியை நான் விரிவாகப் படித்தது 1990களில். தந்தையார் அப்போது இல்லை. படித்த அன்றிரவு வெகுநேரம் உறங்காமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நுண்ணுயிர். அன்றைய கிராமத்தில் அது அவர் வயிற்றில் இல்லாமலிருந்தால்தான் வியப்பு. இன்னொரு பக்கம் வெறும் வயிற்றில் விழுங்கிய ஆஸ்பிரின். இரத்தக் குழாய் உடைந்ததில் அதற்குப் பெரும்பங்கு இருந்திருக்கும். பாக்கின் பங்கு? மிகச் சிறிது என்றே தோன்றுகிறது. வெற்றிலைச் செல்லத்தை எறிந்ததால் அவர் வாய் பிழைத்திருக்கலாம், அது நன்மையே. ஆனால் 'உன் கெட்ட பழக்கத்தால் உனக்கு நீயே தேடிக்கொண்ட நோய்' என்று மகன் சொன்ன சொல்லைக் கேட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் தலைகுனிந்திருந்தாரே, அதற்கு மாத்திரை இல்லை. நான்கு மணிக்கு எழுந்து பதினொரு மணி வரையில் உண்ணாமல் உழைக்க வேண்டிய ஒரு தொழிலாளி, பசியைக் கேட்காமலிருக்க எதையாவது மென்றான் என்று எங்களுள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் கதையைச் சில ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் கண்டேன், வேறு உருவத்தில். எங்கள் தெருவில் உள்ள பொறியியல் மாணவன் ஒருவன் தேர்வுக்காலத்தில் இரவெல்லாம் படிப்பான். மாலையில் ஒரு பெரிய புட்டிக் கோலா. நள்ளிரவுக்கு மேல் தகர டப்பாவில் வரும் ஊக்க பானம். 250 மில்லிலிட்டர் டப்பாவில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். அதே அளவு சாதாரணக் கோலாவில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. காலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் உணவு இல்லை. "பசியே எடுப்பதில்லை தாத்தா" என்றான் ஒருநாள் பெருமையோடு. அடுத்த மாதம் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஏதோ மாத்திரை விழுங்கிவருவதாகச் சொன்னான். எனக்கு உடல் சிலிர்த்தது. 1965ஆம் ஆண்டு பங்குனி மாதம் என் கண்முன் வந்து நின்றது.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருமுறை கடிந்துகொண்டதன் பலன் எனக்குத் தெரியும். மலம் கறுத்துப் போகிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான். அப்படிக் கறுத்தாலும், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ கண்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சொல்லி, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். உள்நோக்குக் குழாய் செலுத்திப் பார்த்தார்கள். பியூமாண்ட் ஒரு துளை வழியே பல ஆண்டுகள் கண்டதை, இக்காலத்தில் சில நிமிடங்களில் திரையில் காண்கிறோம். புண் இல்லை, சுவர் அழன்றிருந்தது. நுண்ணுயிர்ச் சோதனை செய்தார்கள், அதுவும் இல்லை. வலிமாத்திரையை நிறுத்தி, அமிலம் குறைக்கும் மருந்தைச் சில வாரங்களுக்குக் கொடுத்தார்கள். கோலாவை அறவே விட வேண்டுமா என்று அவன் கேட்டான். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "முதலில் காலைச் சாப்பாட்டைத் தொடங்கு, பிறகு அதைப் பற்றிப் பேசலாம்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவனுக்கு என் தந்தையாரின் கதையைச் சொன்னேன். பேருந்து கேளம்பாக்கம் கூட்டுச்சாலையில் நின்றது. இறங்கும்போது அவன் கேட்டான்: "கடைசியில் உங்கள் அப்பாவுக்கு எதுதான் தாத்தா காரணம்?" அவருடைய இரைப்பையிலிருந்து அன்று எவரும் ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் எதைத் தேடுவது என்று அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தெரியாது என்றுதான் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "பசித்திருக்கிறது, எங்காவது சாப்பிடலாமா?" என்றான். காலை பத்து மணி. கூட்டுச்சாலைக்கு அருகில் ஒரு மூதாட்டி சட்டியில் கேழ்வரகுக் கூழ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மோர் மிளகாயோடு இருவரும் ஆளுக்கு இரண்டு சொம்பு குடித்தோம்.